கப்பல் சித்தப்பா

எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டிப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் தாத்தா. நாகப்பட்டினத்தில் தோணியில் ஏறி, தூரத்தில் நங்கூரம் போட்டு நின்ற ராஜுலா கப்பலுக்குப் போய், ஒரு வாரம் கடலில் கிடந்து சிங்கப்பூர் சேர்ந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் ஆயுசுக்கும் சொன்னது ஒரே வாக்கியம்: "சோறு வேகாது."

இன்னொருவர் சித்தப்பா. அவர் போனது விமானத்தில். அங்கே போய் ஏறியது படகு. விளக்கு பார்க்க, சாயங்காலம், நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி அவர் இதுவரை பேசியதை ஒன்றாகக் கோத்தால், ராஜுலா நாலு தரம் போய்த் திரும்பியிருக்கும். 'கப்பல்' என்ற பட்டம் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. சித்தப்பா வீட்டுக்கு வழி கேட்டால்தான் கீழராஜ வீதி டீக்கடையில், "கப்பல்காரர் வீடா? நேராப் போங்க" என்கிறார்கள்.

இவரைப் போல ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய் வந்தவர், துபாயில் விளக்குத் தோரணம் கட்டிய படகில் பிரியாணி சாப்பிட்டவர் என்று இந்த வகையில் உட்பிரிவுகள் உண்டு. தண்ணீரில் இருந்தது கொஞ்ச நேரம்தான். ஆனால் ஆள் இன்னும் கரை இறங்கியிருக்க மாட்டார். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு வருபவரைப் பார்த்து, "தண்ணின்னதும் ஞாபகம் வருது" என்று ஆரம்பிப்பவர் இவர்தான்.

புதுக்கோட்டையில் இந்த வகை சற்றுக் கூடுதல். காரணம், எங்களுக்குச் சிங்கப்பூர் பக்கம், சென்னைதான் தூரம். சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயிலில் கிடக்க வேண்டும். திருச்சி விமான நிலையமோ புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது. உள்ளே நுழைந்து ஏறி உட்கார்ந்தால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். பிள்ளை அங்கே வேலையில் இருப்பான், பேரன் பிறந்திருப்பான், பெட்டி நிறைய அதிரசமும் ஊறுகாயுமாகப் பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

சித்தப்பா போனது 2018 பிப்ரவரியில். தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். போன நேரம் சீனப் புத்தாண்டு. அது நாய் வருஷம். "ஊரு பூரா நாய்க்கு லைட்டுப் போட்டிருக்கான்டா" என்பது இன்றுவரை குறையாத வியப்பு. நம் ஊரில் பைரவருக்குக்கூட அத்தனை பல்பு எரிந்ததில்லையாம். மெரினா பே கரையில் சீனர்களின் செல்வக் கடவுளை மாடி உயரத்துக்கு விளக்குப் பொம்மையாகச் செய்து நிறுத்தியிருந்தார்கள். மகன் இருபத்தைந்து வெள்ளி வீதம் டிக்கெட் எடுத்து, பெற்றோரைக் கிளார்க் கீயில் படகேற்றிவிட்டுக் கைக்குழந்தையோடு கரையில் நின்றுகொண்டான். சித்தப்பா உடனே பெருக்கினார். தலைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல். அந்தக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என்பது என் கட்சி. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு நாற்பது நிமிடம் என்றால் கட்டுபடியாகாது. பேசிப் பேசித்தான் வசூல் பண்ண வேண்டும்.

கதையில் வார்த்தை மாறாது. "மணி சரியா ஏழு பத்து. காத்து ஜிலுஜிலுன்னு வருது." இங்கே நீங்கள் "அப்படியா" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காற்று மறுபடி வரும். இடையில் யாராவது வாசலில் நுழைந்தால் படகு திரும்பவும் கிளார்க் கீக்கே போய் அவர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும்.

படகின் முகப்பில் இரண்டு கண் வரைந்திருக்கும். அதற்கு ஐந்து நிமிடம். முன்பு இந்தப் படகுகள்தான் கப்பல்களிலிருந்து அரிசி மூட்டையும் ரப்பரும் இறக்கி ஆற்றோரக் கிட்டங்கிகளுக்குக் கொண்டுபோயின. தொங்கான் என்பது அந்தப் பக்கத்துத் தமிழர் வாயில் புழங்கிய பெயர். 1977-இல் ஆற்றைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துப் பத்து வருஷத்தில் முடித்தார்கள். நடுவில் 1983-இல் சரக்குப் படகுகளையெல்லாம் அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். மூட்டை போன இடத்தில் இப்போது சித்தப்பா. இந்தப் பத்து வருஷக் கணக்கைச் சொல்லிச் சொல்லியே எங்கள் வார்டில் ஓட்டுக் கேட்டு வந்த மூன்று கட்சிக்காரர்களை அவர் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அடுத்தது மெர்லயன். சிங்கத் தலை, மீன் உடம்பு, வாயிலிருந்து தண்ணீர். "நம்ம யாளிக்கு ஒண்ணுவிட்ட தம்பிடா. ஆயிரம் வருஷத்துச் சாமி." அது 1964-இல் சுற்றுலாத் துறைக்காக மீன் காட்சிசாலைப் பொறுப்பாளர் ஒருவர் வரைந்து கொடுத்த சின்னம். சிலையாக நின்றது 1972-இல். இதை நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "எழுபது டன் எடை, தெரியுமா?" என்றார். எடை சரிதான். வயதைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

படகும் சும்மா இருக்கவில்லை. 2018-இல் அது வெறும் போட். மறு வருஷம் 'பெரிய போட்' ஆயிற்று. ஊரடங்கு மாதங்களில், ஓட வழியில்லாத கேட்பாளிகள் வீடு நிறைய உட்கார்ந்திருந்தபோது, கப்பலாகவே ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அலை வந்தது. போன பொங்கலுக்கு லேசாகப் புயலும் தலைகாட்டியது.

அந்தப் புயலை அடக்கியது பதினோராம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள். "சின்னத் தாத்தா, அங்க ஏது கடல்? 2008-லயே குறுக்க அணை கட்டிட்டாங்க. உள்ள இருக்கிறது மழைத் தண்ணி. அந்த ஊரோட குடிதண்ணி ஏரி அது" என்றாள், கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டி.

கூடம் நிசப்தமானது. சித்தி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து இந்த மனிதர் சுற்றி வந்தது, நம் புதுக்குளம் மாதிரி ஒரு குளத்தை. இனி கதை தரைதட்டிவிடும் என்று நான் சந்தோஷப்பட்டது உண்மை. இந்த வகை ஆட்களை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"பாத்தியாடா," என்றார் என்னிடம், "கடலையே குடிதண்ணியா மாத்திப்புட்டான்! அதுல போயிட்டு வந்தவன்டா நான்!"

அன்று முதல் கதையில் பத்து நிமிடம் கூடிவிட்டது.

அவர் சத்தம் அடங்கி நான் பார்த்தது ஒரே ஒரு தரம். ஜெகதாப்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர், முன்பு விசைப்படகில் கடலுக்குப் போனவர். நண்டை நிறுத்துக்கொண்டிருந்தவரிடம் சித்தப்பா, "ராத்திரி நேரம், சுத்தித் தண்ணி, தூரத்துல லைட்டு. அந்த அழகு உங்களுக்குத் தெரியும்" என்றார். அவர் தராசிலிருந்து கண் எடுக்காமல், "தூரத்துல லைட்டைப் பாத்தா வலையை அறுத்துவிட்டுட்டுத் திரும்பிருவோங்கய்யா. சிலோன் நேவியா இருக்கும்" என்றார். சித்தப்பா அன்று பேரம் பேசவில்லை. சில்லறையையும் வாங்கவில்லை.

மறுநாள் காலை ஏழு பத்துக்குக் காற்று வழக்கம்போல வீசியது.

இனி வீடியோ. முப்பத்தெட்டு நிமிடம். வீட்டுக்கு வருகிற எவரும் அதைப் பார்க்காமல் காபி குடித்ததில்லை. இடது பக்க மூலையில் சித்தப்பாவின் கட்டைவிரல், வளர்பிறை மாதிரி. நடுவில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு சீனரின் வழுக்கைத் தலை. அந்தத் தலைக்கு வலப்புறம் கொஞ்சம் சிங்கப்பூர். மூன்று கட்டடங்கள் சேர்ந்து ஒரு கப்பலைத் தலையில் சுமந்து நிற்கும் மெரினா பே சாண்ட்ஸ் ஓட்டலை நாங்கள் பார்த்தது அந்தத் தலையில் பிரதிபலித்துத்தான். விளக்கு பச்சை என்றால் தலை பச்சை, சிவப்பு என்றால் சிவப்பு. இத்தனை வருஷத்தில் அவர் எங்களுக்கு உறவாகிவிட்டார். திருச்சி விமான நிலையத்தில் அவர் வந்து இறங்கினால், பின்னாலிருந்தே கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பாடு போட்டுவிடுவோம்.

அந்த வீடியோவில் ஓரிடத்தில் ஒன்றரை நிமிடம் எதுவும் இருக்காது. படகின் தரை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, வேட்டிக் கரை, அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் வாய் ஓயாமல் விளக்கம் சொல்பவர், அங்கே மட்டும் ஓட்டிவிடுவார். "கை அசந்துபோச்சு" என்பார்.

சித்தியிடம் ஒருநாள் கேட்டேன். "சித்தி, நீங்களும்தானே போனீங்க? நீங்க என்னத்தப் பாத்தீங்க?"

"அவுக முதுகைத்தான்" என்றார் சித்தி, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே. "போட்ல ஏறுனதுல இருந்து எந்திரிச்சு முன்னாடி நின்னுக்கிட்டாக. உக்காருங்கன்னு அந்த ஊருப் பொண்ணு ரெண்டு தடவை வந்து சொல்லுச்சு. உக்காருவாக, எந்திரிப்பாக. ஒரு எடத்துலதான் தானா உக்காந்தாக. தூணு தூணா ஒரு பெரிய கட்டடம் வந்துச்சு. ஓட்டலாம். முந்தி அதுதான் அந்த ஊரு போஸ்டாபீஸுன்னு ரேடியோவுல சொன்னான். அதைக் கேட்டதும் போனைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்துட்டாக."

ஃபுல்லர்டன் ஓட்டல். 1928-இல் கட்டியது. 1996 வரை சிங்கப்பூரின் தலைமைத் தபால் நிலையம் அங்கேதான். அதிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மார்க்கெட் ஸ்ட்ரீட். செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு. பொன்னமராவதிப் பக்கத்துச் செட்டியார் ஒருவரின் கிட்டங்கியில் தாத்தா சமையல் வேலை பார்த்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் ஊர் வருவார். நடுவில் வந்ததெல்லாம் கடிதம். வாரா வாரம் தபால்காரருக்காகத் திண்ணையில் காத்திருந்த பையன்தான் பிற்பாடு தபால் இலாகாவுக்கே வேலைக்குப் போனவர்.

"எதாச்சும் சொன்னாரா?"

"எங்கய்யா கடுதாசி போட இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருப்பாகன்னு சொன்னாக. அப்புறம் சிங்கம் வந்துருச்சு, எந்திரிச்சுட்டாக."

அவரிடம் இதைப் பற்றி நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கிவிடுவாரோ என்று பயம்.

போன வருஷம் மாசி மகத்துக்குத் திருக்கோஷ்டியூர் தெப்பம் பார்க்கக் கிளம்பினோம். திருமயம் தாண்டி, திருப்பத்தூர் வழியாக. பதினெட்டுத் தடவை நடையாய் நடந்து வாங்கிய மந்திரத்தை ராமானுஜர் ஊருக்கெல்லாம் போட்டு உடைத்த இடம் அது. சித்தப்பாவிடமும் எந்தச் சங்கதியும் தங்காது. வித்தியாசம் என்னவென்றால், அவரிடம் அதைக் கேட்க ஒரு தடவைகூட யாரும் நடந்து வந்ததில்லை.

தெப்பக்குளத்தைச் சுற்றிப் படியெல்லாம் அகல் விளக்கு. வேண்டிக்கொண்டு ஒரு விளக்கை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்திருந்து, காரியம் நடந்ததும் மறு வருஷம் கொண்டுவந்து ஏற்றுகிற பெண்கள் ஆயிரக்கணக்கில். பிள்ளைக்கு, கல்யாணத்துக்கு, வேலைக்கு, விசாவுக்கு. சித்தியும் ஒரு விளக்கு கொண்டுவந்திருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. குனிந்து திரியைத் தூண்டி ஏற்றிவிட்டு, சேலைத் தலைப்பால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பா அளவெடுக்க ஆரம்பித்திருந்தார். "இந்தக் குளம் அந்தத் தண்ணியில எத்தனைல ஒரு பங்கு இருக்கும்? இங்க லேசர் இல்லை பாரு. அங்க தண்ணியையே எழுப்பி அது மேல படம் காட்டுவான்." பக்கத்தில் நின்ற காரைக்குடிக்காரர் நல்ல மனிதர். "அப்படியா" என்றார். காற்று ஜிலுஜிலுவென்று வர ஆரம்பித்தது.

சௌமியநாராயணப் பெருமாள் தெப்பத்தில் எழுந்தருளியதும் கூட்டம் முன்னால் நெருக்கியது. சித்தப்பா எப்படியோ புகுந்து கடைசிப் படிக்குப் போய், போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டார். அதே நேரம் சித்தியின் போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து மகன். அங்கே நடுராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. பேரனும் தூங்காமல் உட்கார்ந்திருந்தான், தெப்பம் பார்க்க வேண்டுமாம்.

சித்தி போனைத் திருப்பிக் குளத்துப் பக்கம் பிடித்தார்.

"அம்மா, தெப்பம் எங்கம்மா? ஒண்ணும் தெரியலையே. வெள்ளையா என்னமோ நிக்குது."

"உங்கப்பா முதுகுப்பா," என்றார் சித்தி. "செத்த பொறு. தெப்பம் சுத்திக்கிட்டு இந்தப் பக்கம் வந்துரும். இவுகதான் நகர மாட்டாக."