இரண்டாம் பாலிங் பேச்சுவார்த்தை: அடுப்படி அலமாரியில் ஆங்கில, அமெரிக்க எல்லைத் தகராறு

பாலிங் என்றதும் வரலாற்று மாணவருக்கு நினைவு வருவது முறிந்துபோன ஒரு பேச்சுவார்த்தை. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய இரு நாள்கள். கெடாவின் இந்தச் சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம், அரசுத் தரப்பில், துங்கு அப்துல் ரஹ்மான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக். எதிர்ப்பக்கம் காட்டிலிருந்து இறங்கிவந்த கம்யூனிஸ்டுகளான சின் பெங், சென் தியன், ரஷீட் மைடின். சரணடையச் சொன்னார் துங்கு. அது மட்டும் நடக்காது என்றார் சின் பெங். வந்தவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். இதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால் இதே வட்டாரத்தில், இதைவிட நீண்ட காலமாக, ஒரு முடிவும் எட்டாமல் இழுத்துக்கொண்டிருக்கும் இன்னொரு பேச்சுவார்த்தையை அறிஞர் உலகம் கண்டுகொள்ளவே இல்லை. அது நடக்கும் இடம் தோட்டத்து வீடுகளின் அடுப்படி அலமாரி. தரப்பினர் பிரிட்டனும் அமெரிக்காவும். எந்த டின் யாருடைய சாப்பாடு என்பதே வழக்கு.

அற்றேல், இந்தப் பக்கம் வெள்ளைக்காரத் துரை வந்தது சரி, அமெரிக்காக்காரன் எப்போது வந்தான் எனின், கூறுதும். 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சயாம் கெடாவை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது. துரைமார் பங்களாவும் பங்களாவைச் சுற்றிய பூச்செடியும் அதன்பின் பெருகின. அமெரிக்கரோ இதே கெடாவில், பீடோங் பக்கம், ஹார்வர்ட் தோட்டத்தை வைத்திருந்தார்கள். டயர் செய்யும் அமெரிக்க ரப்பர் கம்பெனியின் சொத்து அது. ஆக, இரு தரப்புக்கும் நம் மாநிலத்தில் மரம் இருந்தது, பால் இருந்தது, வெட்டக் கை இருந்தது. அந்தக் கைகள் நம்முடையவையாக இருந்தபடியால் வழக்கை விசாரிக்கும் உரிமையும் நமக்குண்டு என்பது இவ்வாய்வாளனின் துணிபு.

இவ்வட்டாரச் சமையல் வரலாற்றுக்கு மூலநூல் என்று ஒன்றைச் சொல்வதானால் அது ராஜா பெர்சியோங் கதை. கெடாவை ஆண்ட அந்த ராஜாவுக்குக் கீரை சமைத்தவள் கைதவறி விரலை நறுக்கிக்கொண்டாள். ரத்தம் கீரையில் சொட்டிவிட்டது. மறுபடி சமைக்க நேரமில்லை, அப்படியே பரிமாறிவிட்டாள். ராஜா சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, இனி இதே பக்குவத்தில்தான் வேண்டும் என்றார். அப்புறம் நடந்தவை குழந்தைகளிடம் சொல்லத் தக்கவை அல்ல. கோரைப்பல் முளைத்த ராஜா கடைசியில் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்பது ஊர்ப்பேச்சு. ஆய்வாளன் கவனிக்க வேண்டியது பல்லை அல்ல, கீரையை. பக்குவத்துக்குப் புறம்பான பொருள் ஒன்று தற்செயலாய் உள்ளே விழுகிறது, சாப்பிட்டவர் அதையே சட்டமாக்குகிறார். இந்தக் கதை 1968இல் திரைப்படமானபோது அதை எழுதியவர் யார் என்றால், அதே துங்கு. பாலிங்கின் அரசியல் முறிவிலும் சமையல் தொன்மத்திலும் ஒரே மனிதரின் கை. தற்செயல் என்று தள்ளுவோர் தள்ளட்டும். நான் தள்ளமாட்டேன்.

இனி ஆய்வு முறை. கள ஆய்வு கோலக்கெட்டில் போகும் சாலையில் ஒரு பழைய தோட்டத்து வீட்டில் நடந்தது. தகவலாளி என் அத்தை. ஒரே அடுப்படியை வைத்துக்கொண்டு மாவட்டத்துக்கே முடிவு சொல்லலாமா என்று கேட்போர் அத்தை கையால் சாப்பிட்டிருக்கமாட்டார்கள்.

முதலில் தக்காளிக் குழம்பில் ஊறிய பேக்ட் பீன்ஸ் டின். லண்டனில் படித்துவந்த உறவுக்காரப் பிள்ளைகளைக் கேட்டால், காலைப் பசியாறலுக்கு டோஸ்ட் ரொட்டியின் மேல் இதைக் கொட்டித் தின்பதுதான் அசல் ஆங்கிலேய மரபு என்று சத்தியம் செய்வார்கள். உண்மையில் ஹெய்ன்ஸ் கம்பெனி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிறந்தது. 1886இல் ஹென்றி ஹெய்ன்ஸ் தம் சரக்கை லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடைக்குக் கொண்டுபோனார். பணக்காரர் கடையில் நுழைந்த சரக்கு பிற்பாடு ஏழை வீட்டு மேசைவரை இறங்கியது. அந்த வெள்ளைப் பயற்றின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டமே. ஆனால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தார் அதைப் பன்றிக்கொழுப்பும் கருப்பஞ்சாற்றுப் பாகும் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்து இனிப்பாகத் தின்கிறார்கள். ஆங்கிலேயரோ தக்காளியோடு நிறுத்திக்கொண்டார்கள். பயறு அமெரிக்கா, பழக்கம் இங்கிலாந்து. இதற்குமேல் இரு தரப்பும் ஓர் அங்குலம் நகர்வதில்லை.

அத்தையின் அடுப்படியில் நான் கண்டதை அப்படியே பதிவு செய்கிறேன். சட்டியில் எண்ணெய் காய்கிறது. கடுகு வெடிக்கிறது. இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடுகிறார். நீளவாக்கில் அரிந்த பெரிய வெங்காயம் ஓரம் சிவக்கும்வரை காத்திருந்து, கறிவேப்பிலையை உருவிப் போட்டு, பிறகுதான் டின். கொட்டியதும் காலி டின்னில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றி, ஒட்டியிருந்த குழம்பையும் வழித்துச் சட்டியில் ஊற்றுகிறார். கடைசியில் இரண்டு முட்டை உடைத்து ஒரு கிளறு. இறக்கும்போது அது சிவப்பிலிருந்து காவிக்கு மாறியிருந்தது. சுடுசோற்றில் போட்டுப் பிசைய வேண்டியது, ரொட்டிக்கு வேலையே இல்லை.

“அத்தே, இது இங்கிலீஷ்காரன் சாப்பாடா, அமெரிக்காக்காரன் சாப்பாடா?”

“நம்ம வீட்டுச் சட்டியிலதானே கெடக்கு? அந்த வெங்காயத் தோல எடுத்துக் குப்பையில போடு.”

மேற்கண்ட கூற்றை ஆய்வாளன் ஒரு சட்ட நிலைப்பாடாகவே கருதுகிறான். சரக்கு இறங்கும் துறைமுகத்தின் சட்டமே சரக்கை ஆளும் என்பது அதன் சாரம்.

அடுத்து வூஸ்டர்ஷயர் சாஸ். அலமாரியில் மிகப் பிடிவாதமான ஆங்கிலேயன் இவன்தான். 1837இலிருந்து லீ அண்ட் பெரின்ஸ் பெயரில் விற்பனையில் இருப்பவன். மாமா இருந்தபோது பாலிங் டவுன் கோப்பிக் கடையில் சிக்கன் சாப் சாப்பிட்டுவிட்டு வந்து, வீட்டிலும் அதே மாதிரி வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கிவைத்தது. துரைமார் பங்களாவில் சமைத்துப் பழகிய ஹைனானியச் சமையல்காரர்கள் பிற்பாடு கோப்பிக் கடை வைத்தபோது கூடவே கொண்டுவந்த பண்டம் அந்தச் சாப். பொரித்த கோழி, பச்சைப் பட்டாணி, உருளைக்கிழங்கு, மேலே ஊற்றும் குழம்பில் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் சாஸும் அமெரிக்கப் புட்டியில் உலகம் சுற்றிய தக்காளிச் சாஸும் கைகோத்துக் கிடக்கும். என் பார்வையில் இரு நாடுகளுக்கும் இடையே கையெழுத்தான ஒரே உடன்படிக்கை அந்தக் குழம்பு. அதை எழுதியவர் மூன்றாம் நாட்டவர்.

அந்த சாஸில் என்னதான் இருக்கிறது என்று புட்டியைத் திருப்பிப் படித்த அன்று எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. வினிகரோடு புளி, நெத்திலி இனத்து மீன், வெங்காயம், பூண்டு. அதைப் பதினெட்டு மாதம் ஊறப்போடுகிறார்களாம். அதாவது நம் வீட்டில் முக்கால் மணி நேரத்தில் கொதித்து இறங்கும் நெத்திலிப் புளிக்குழம்பை அவர்கள் அடுப்பேற்றாமல் ஒன்றரை வருடம் வைத்துப் பார்க்கிறார்கள். பொறுமையைப் பாராட்டலாம். வேகத்தைப் பாராட்ட முடியாது. பிடிவாதமும் கடைசிவரை நிற்கவில்லை: 2005இல் லீ அண்ட் பெரின்ஸை வாங்கியது யார் என்றால், முன்பு பார்த்த அதே பிட்ஸ்பர்க் ஹெய்ன்ஸ். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தன் புட்டியில் ஒட்டிவைத்திருக்கும் எச்.பி. சாஸும் அதே பேரத்தில் கைமாறியது. சின் பெங் அசைந்துகொடுக்கவில்லை, சாஸ் சரணடைந்துவிட்டது.

மற்றவற்றை விரைந்து கடக்கிறேன். ஹார்லிக்ஸ் இங்கிலாந்து என்று நினைப்போர் உண்டு. அதைக் கண்டவர்கள் இங்கிலாந்தில் பிறந்த ஹார்லிக் சகோதரர்கள்தாம், ஆனால் கம்பெனி தொடங்கியது 1873இல் அமெரிக்காவில். மார்மைட் ஐயமின்றி ஆங்கிலேயன். காய்ச்சல்காரருக்கு வைக்கும் கஞ்சியில் அத்தை அதில் அரைக் கரண்டி கலக்குவார், கஞ்சி கறுக்கும், காய்ச்சல் தன் போக்கில் இறங்கும். சார்டின் டின்னை வழக்கிலிருந்து நீக்கிவிட்டேன், ஆயாம் பிராண்டைத் தொடங்கியவர் ஒரு பிரெஞ்சுக்காரர், 1892இல், சிங்கப்பூரில். பிரெஞ்சுக்காரரையும் உள்ளே விட்டால் விசாரணை முடியாது.

இனி இவ்வாய்வின் இதயமாகிய கெட்டிப்பால் டின். பாலைச் சுண்டக்காய்ச்சும் முறைக்கு 1856இல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்கரான கெயில் போர்டன். பத்து வருடம் கழித்து சுவிட்சர்லாந்தின் சாம் என்ற ஊரில் ஆங்கில சுவிஸ் கெட்டிப்பால் கம்பெனி எழுந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். தொடங்கியவர்கள் அமெரிக்கச் சகோதரர்களான பேஜ் இருவர். ஊர் சுவிஸ், சந்தை இங்கிலாந்து, முதலாளி அமெரிக்கா. இதே கம்பெனி 1905இல் நெஸ்லேயுடன் இணைந்தது, 1912இல் நமக்குப் பக்கத்துப் பினாங்கில் கடை விரித்தது. பால்காரி தலையில் குடம் சுமக்கும் படத்தோடு அது தோட்டத்துக்குள் நுழைந்தது. மாடு வளர்த்தவர்கள் வீட்டிலும் தேத்தண்ணிக்கு டின்பால்தான் ருசி என்ற நிலை வந்ததை மாடுகள் எப்படி எடுத்துக்கொண்டன என்பது தனி ஆய்வுக்கு உரியது.

பால் தீர்ந்தபின்தான் டின்னின் உத்தியோகமே தொடங்குகிறது. அந்தக் காலத்துக் கோப்பிக் கடைக்காரர் வாயோரத்தில் துளையிட்டுக் கயிறு கோத்து அதில் சுடச்சுடக் கோப்பி ஊற்றிக் கையில் தொங்கவிட்டு அனுப்புவார். வீட்டில் அது அளவுக் கருவி. இங்கேதான் இரு வல்லரசுகளின் மானம் கப்பலேறுகிறது. ஆங்கிலேயர் சமையல் குறிப்பு எடையில் பேசும், தராசு இல்லாமல் ஒரு கேக் கூட எழாது. அமெரிக்கர் கோப்பைக் கணக்கில் பேசுவர், அந்தக் கோப்பை 237 மில்லி. பைண்ட் என்று இருவரும் ஒரே பெயர் சொல்வர். ஆங்கிலேயருக்கு அது 568 மில்லி, அமெரிக்கருக்கு 473. ஒருவர் புத்தகத்தைப் பார்த்து இன்னொருவர் பாத்திரத்தில் அளந்தால் பாயசம் களியாகும். இந்தச் சிக்கலை இரண்டு நாட்டு அரசுகளும் இன்றுவரை தீர்க்கவில்லை. அத்தை வீட்டில் சிக்கலே எழவில்லை. இரண்டு பேருக்கு ஒரு டின் அரிசி. மருமகன் வந்தால் மேலே ஒரு பிடி. இட்லிக்கு நாலு டின் அரிசிக்கு ஒரு டின் உளுந்து. தண்ணீர், அரிசிக்கு மேல் விரலின் முதல் கணு வரை. கிராம் கணக்கில் எழுதித் தரச் சொன்னேன். “உனக்குக் கை இல்ல?” என்றார்.

அளவைகள் இவ்வாறு வென்றெடுக்கப்பட்டபின், டின்னுக்குள் இருக்கும் பொருளேனும் அந்நியருடையதுதானே எனின், அற்றன்று. இன்று கடையில் கிடைக்கும் டின்களைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் பால் என்ற பெயர் இல்லை, இனிப்புக் கிரீமர் என்றே போட்டிருக்கும். பால் கொழுப்பின் இடத்தில் செம்பனை எண்ணெய். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அந்த மரத்தை இந்நாட்டில் முதன்முதலில் வணிகத்துக்காக நட்டது 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே, மறுபடியும் ஒரு பிரெஞ்சுக்காரர், போகட்டும். பிற்பாடு கெடாவிலும் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். ஆங்கிலேயன் பங்களா வாசலில், அமெரிக்கன் டின்னில் அடைத்துக் கொடுத்ததை, தோட்டத்து எண்ணெயே உள்ளே புகுந்து நிரப்பிவிட்டது. அத்தையிடம் இந்தப் பெரும் கண்டுபிடிப்பைச் சொன்னேன். “அதான் முன்ன மாதிரி தே கெட்டியா வர்றதில்ல” என்றார். வழக்கின் முடிவைவிடத் தேத்தண்ணியின் பதமே அவருக்குப் பெரிய குறை.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு தொழில்நுட்பக் கேள்வி: அத்தையின் டின் எத்தனை மில்லி? அமெரிக்கக் கோப்பைக்கும் ஆங்கிலப் பைண்டுக்கும் நடுவே பாலிங்கின் எல்லைக்கல்லைத் துல்லியமாக நட்டு இவ்வாய்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தில், டின்னை ஆய்வுப் பொருளாகப் பறிமுதல் செய்து என் மேசையில் வைத்திருக்கிறேன். அளவுக் குவளையில் தண்ணீர் பிடிக்க எழுந்தபோது அடுப்படியிலிருந்து குரல் வருகிறது.

“அரிசி களையணும், டின்ன எங்கடா கொண்டுபோன?”

முடிவுரை சாப்பிட்டபின்.