நம்ம தெரு இன்ஜினியர்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எந்தத் தெருவில் நின்று “இன்ஜினியர் வீடு எது?” என்று கேட்டாலும், “எந்த இன்ஜினியரு?” என்று எதிர்க்கேள்விதான் வரும். வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். நம்மவர் மூன்றாம் ஆண்டு, ஈசிஈ. சென்டாக் அட்மிஷன் பட்டியலில் பெயர் வந்த அன்றே தெரு அவருக்குப் பட்டம் கொடுத்துவிட்டது. பல்கலைக்கழகம்தான் யோசித்துக்கொண்டிருக்கிறது.

தாத்தா ரோடியர் மில்லில் தறி ஓட்டியவர். காகிதத்தில் அதற்குப் பெயர் ஏஎஃப்டி, 2020-இல் மூடிவிட்டார்கள். பேரன் பதினொரு மணிக்கு எழுந்து வந்து காபி கேட்டால் தாத்தாவுக்கு 1936 ஞாபகம் வந்துவிடும். அந்த வருடம் ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காகப் போராடிய மில் தொழிலாளர்களில் 12 பேர் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். தாத்தா பிறப்பதற்கு முன்பு நடந்தது; ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிதான் சொல்வார். “எட்டு மணி நேரத்துக்கு மேல வேல வாங்காதேன்னுதான்டா நம்மாளுங்க உயிர வுட்டாங்க. எட்டு மணிக்கு மேல தூங்கறதுக்கு எவனும் சாவல.”

அம்மாவின் ஆண்டு வேறு: 1962. ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. எதிர்வீட்டுத் தாத்தா கையெழுத்துப் போட்டார். அவர் பேரன் இன்று பாரிசில். நம் வீட்டுத் தாத்தா போடவில்லை. நம்மவருக்கு மேத்ஸில் அரியர் விழுந்தாலும் குற்றவாளி தாத்தாதான். “மாமா அன்னிக்கு ஒரு கையெழுத்து போட்டிருந்தா, புள்ளைக்கு இந்தத் தலையெழுத்து வந்திருக்குமா?” என்பார் அம்மா, தாத்தா காதில் விழும்படி.

கல்லூரி பிள்ளைச்சாவடியில். பழைய அரசு பொறியியல் கல்லூரிதான். 2020-இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே போவதே வெளிமாநிலப் பயணம். முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. காலாப்பட்டு பக்கம் வந்தால் மறுபடியும் புதுச்சேரி. பெட்ரோல் நம் பக்கம் மலிவு. ஆகவே கோட்டக்குப்பத்தில் வண்டி நின்றுபோனால் பங்க் எங்கே என்று கேட்கமாட்டார். எல்லை வரை தள்ளிக்கொண்டே வருவார். விசை, தூரம், வேலை என்று முதலாமாண்டு இயற்பியலில் விட்டதையெல்லாம் அந்தச் சாலையில்தான் பிடித்தார்.

படிப்பில் குறை சொல்ல முடியாது. ரெக்கார்ட் நோட்டை அவர் எழுதும் அழகே தனி. நண்பனின் நோட்டைப் பார்த்து அலைவடிவத்தை அளவு பிசகாமல் வரைவார். அளவீடுகளைப் புள்ளி மாறாமல் இறக்குவார். அந்த வேகத்தில் ஓரத்தில் இருந்த நண்பனின் ரோல் நம்பரையும் இறக்கிவிட்டார். வைவாவில் கேட்ட கேள்விகளிலேயே, அந்த நம்பர் யாருடையது என்பதற்குத்தான் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

பொழுதுபோக்கு, ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட். டீஷர்ட் வாங்கப் போய், ஓடாத மோட்டார் ஒன்றைப் பேரம் பேசி வாங்கி வருவார். அப்படி வந்த மோட்டார் ஒன்றை ஓட வைத்து, ஆர்டுயினோ பலகையோடு சேர்த்ததுதான் மினி புராஜெக்ட்: மண் காய்ந்தால் துளசிச் செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி. சென்சாரை மண்ணில் குத்திவிட்டு ஒரு வாரம் காத்திருந்தார். மோட்டார் ஒரு முறைகூட ஓடவில்லை. ஒயரைப் பிரித்துப் பார்த்தார், புரோகிராமைத் திருத்தினார், சென்சாரை மாற்றினார். விஷயம் என்னவென்றால், விடியற்காலையில் ஆயா குளித்துவிட்டு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறார். பதினொரு மணிக்கு எழுகிறவருக்கு இது எப்படித் தெரியும்? தெரிந்த பிறகும் அறிக்கையில் அதை எழுதவில்லை. ‘நீர் சேமிப்பு: நூறு சதவீதம்’ என்று முடித்தார். நல்ல மார்க் வந்தது.

இதற்கெல்லாம் நடுவில் தெரு சேவை. “தம்பி, நீ இன்ஜினியர்தானே, இந்த மிக்ஸி ஏன் ஓடமாட்டேங்குதுன்னு பாரு” என்று மூன்றாவது வீட்டு அத்தை வருவார். ஈசிஈக்கும் மிக்ஸிக்கும் உள்ள தூரத்தை விளக்கினால், “அப்ப மூணு வருஷமா இன்னாதான் சொல்லித் தராங்க?” என்பார். அதனால் விளக்குவதை நிறுத்திவிட்டுக் கழற்றத் தொடங்கிவிட்டார். இப்போது மிக்ஸி, டிவி ரிமோட், வைஃபை, பென்ஷன்காரர்களின் ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அவர் தலையில். பாதி வேலை செய்கிறது. கூலி, ஒரு டம்ளர் டீ, கூடவே “அரியர் எத்தினி இருக்குது?” என்ற விசாரிப்பு.

ரெட்டியார்பாளையத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிக்ஸியைக் கொடுங்கள், அல்லது அரியரைக் கேளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். அரியர் கேட்டே தீரவேண்டும் என்றால், மிக்ஸியைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் காசு கேட்பார், அவ்வளவுதான்.