வீணை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: எட்டு வயது மகளை வீணை வகுப்பில் சேர்க்கலாமா? கை எட்டுமா? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாகச் சேருங்கள். கை எட்டாவிட்டால் சின்ன அளவிலும் வீணை செய்து தருகிறார்கள். கையைவிடத் தொண்டையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சரளி வரிசையை வாய்விட்டுப் பாடிய பிறகே குழந்தை தந்தியைத் தொடட்டும். பாடிப் பழகிய பிள்ளைக்கு விரல் தப்பான மெட்டில் விழுந்தால் சட்டென்று முகம் மாறும். பாடாத பிள்ளைக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். முதல் நாளே வீணையை மடியில் வைக்கும் ஆசிரியரைவிட, ஒரு மாதம் பாடவைத்துப் பார்ப்பவரை நம்பிப் பிள்ளையை ஒப்படைக்கலாம்.

கேள்வி: யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா? (வாசகர், ஓசூர்)

பதில்: எந்த மெட்டு என்பது திரையில் தெரியும். எவ்வளவு இழுப்பது என்பது தெரியாது. ஒரே மெட்டில் நின்றபடி தந்தியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களைப் பிடிப்பதுதான் வீணையின் கமகம். தோடி ராகம் தோடியாக ஒலிப்பது அந்த இழுப்பில். அரைக்கால் அளவு குறைந்தாலும் “இன்னும் கொஞ்சம்” என்று சொல்ல எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேள்வி: தாத்தாவின் வீணை முப்பது வருஷமாகப் பரணில் கிடக்கிறது. விற்றுவிடலாமா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். ஓட்டுக்கடியில் இருக்கும் சூடு வீணைக்கு ஆகவே ஆகாது. அதன் 24 மெட்டுகளும் ஆணியடித்து நிறுத்தியவை அல்ல. தண்டியின் மேல் இரண்டு வரப்புபோல் எழுப்பிய மெழுகில் பதிந்திருப்பவை. தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகு அது. சூட்டில் இளகும், நாள்பட்டால் காய்ந்து வெடிக்கும். மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் அந்தச் சுரம் பொய்யாகிவிடும்.

பழைய மெழுகைச் சுரண்டிவிட்டுப் புதிதாக மேளம் கட்டச் சொல்லுங்கள், அதாவது மெட்டுகளை மறுபடி மெழுகில் பதிக்கச் சொல்லுங்கள். கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், அவசியம் பாருங்கள். கைவினைஞர் சுருதி சேர்த்த தந்தியின் கீழ் மெட்டை வைப்பார், மீட்டுவார், கொஞ்சம் தள்ளுவார், மறுபடி மீட்டுவார். காது ஒப்புக்கொண்ட பிறகே மெழுகில் அழுத்துவார். அளவுகோல் மட்டும் இந்த வேலைக்குப் போதாது. தந்தியை அழுத்தும்போது அது இறுகிச் சுரம் சற்று ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பது தந்தியின் கனத்தையும் அதைத் தாங்கும் குதிரையின் உயரத்தையும் பொறுத்து வீணைக்கு வீணை மாறும். தச்சு வேலை தெரிந்தவர் குடம் குடைந்துவிடலாம். சுரஞானம் உள்ளவர்தான் மேளம் கட்ட முடியும். அவரைப் பாடகருக்குச் சமமாக மதிக்கிறேன்.

குடத்தில் விரிசலோ பூச்சியோ இல்லையென்றால், இத்தனை வருஷம் உலர்ந்த மரம் உங்களுக்கு லாபம். மேளம் கட்டி, ஏழு தந்தியையும் மாற்றி, ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விற்பனைப் பேச்சு அப்புறம்.

கேள்வி: பலாமரம் ஏன்? கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த மரத்துக்கு நாதம் கூடுமாமே? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பலா அதிகக் கனமில்லை, குடைவதற்கு இணங்கும், கரையான் எளிதில் அண்டாது, மீட்டிய ஒலியை நீட்டித் தரும். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத் தஞ்சாவூரில் விரும்பி வாங்குவார்கள். நாதத்தைத் தீர்மானிப்பவை மரத்தின் முதிர்ச்சி, உலர்ந்த பக்குவம், குடத்துச் சுவரின் கனம். மணியோசை நம்பிக்கைக்கும் ஒரு பயன் உண்டு: அதை நம்புகிறவர் கண்ட மரத்தில் உளி வைக்கமாட்டார்.

கேள்வி: 24 மெட்டுக் கணக்கு யார் கொடுத்தது? (மாணவி, மதுரை)

பதில்: 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் என்பது மரபு. ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24. எந்த ராகத்துக்கும் மெட்டை நகர்த்தாமல் வாசிக்க வழி பிறந்தது அப்படித்தான்.

கேள்வி: வீணையைப் படுக்கவைத்து வாசிப்பதா, நிமிர்த்தியா? (வாசகர், காரைக்குடி)

பதில்: உங்கள் ஊர்ச் சகோதரர்களே விடை. அண்ணன் சுப்பராமய்யர் நிமிர்த்தி வாசித்தார். தம்பி சாம்பசிவய்யர் மடியில் கிடத்தி வாசித்தார். இரண்டும் ஒரே மேடையில் ஒன்றாகவே இனித்தன.

கேள்வி: வீணைக் கச்சேரிக்கு மைக் வைப்பது தவறா? (வாசகர், சென்னை)

பதில்: வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். விரலில் கம்பி மாட்டாத மீட்டு. வந்தவர்கள் மூச்சடக்கிக் கேட்டார்கள்; அந்த வாசிப்புக்கு ஓர் அறை போதும். பெரிய அரங்குக்கு மைக் வேண்டும்தான். ஆனால் ஒலியைக் கூட்டக் கூட்ட மீட்டின் அடி மட்டும் பெரிதாகி, அதன்பின் இடக்கை இழுத்து வரவழைக்கும் சுரங்கள் அமுங்குகின்றன. அவைதானே வீணை? ஒலியைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். சபை தானாக அமைதியாகும்.

கேள்வி: புது வீணைக்குப் பேரம் பேசலாமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டாம். மரம் உலர்த்தி, குடம் குடைந்து, யாளி செதுக்கி, மேளம் கட்டி முடிக்க வாரக்கணக்கில் கைவேலை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். பட்டறையில் உளி பிடிக்கவரும் பையனுக்குக் கூலி கட்டுபடியாவது நாம் கொடுக்கும் விலையில்தான். பணம் போதவில்லையென்றால் ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையை இப்போது விட்டுவிடுங்கள். கற்கத் தொடங்குகிறவருக்கு ஒட்டு வீணை போதும். விலைக்குப் பதில் இதைக் கேளுங்கள்: “மறுபடி மேளம் கட்ட நீங்களே செய்து தருவீர்களா?” சரி என்பவரிடம் வாங்கி, அவர் கைபேசி எண்ணை வீணைப் பெட்டிக்குள்ளேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.