திரைநடுங்கியல்: காஞ்சி நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வு எதைச் சொல்ல வந்தது எனின், லினக்ஸ் போட்ட கணினியின் திரை கோடு விடும்போதும், சிமிட்டும்போதும், ஒரேயடியாக இருண்டுபோகும்போதும் காஞ்சிபுரத்து மக்கள் யாரைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல வந்தது. மெக்கானிக்கை அன்று, பக்கத்து வீட்டு நெசவாளரை என்பது நம் கருதுகோள். நகைப்போர் நான்காம் பத்தி வரை பொறுத்தருள்க.

ஆய்வுக்களம் பிள்ளையார்பாளையம் முதல் சின்ன காஞ்சிபுரம் வரை. காலம் 2011க்குப் பின். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் ஏறி வந்தது. விண்டோஸ் படுத்த அன்றுதான் சில வீடுகளில் பாஸின் முகத்தையே பார்த்தார்கள். ஆகவே அறிமுகமே துக்க வீட்டில் நடந்தது என்க.

முந்தைய ஆய்வாளர்களில் மூத்தவர்கள் அணைத்துப் போடும் மரபினர். அவர்களைப் பழிப்பது முறையன்று. பாதி வழக்குகள் அவர்களிடமே தீர்ந்துவிடுகின்றன. அடுத்தவர்கள் அழிரப்பர் மரபினர். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஒரு ஊது ஊதி, மறுபடி செருகுவார்கள். பற்களில் படிந்த அழுக்குப் படலம் போவதால் இதற்கு நியாயமும் உண்டு. ஊதும்போது எச்சில் தெறிப்பதற்குத்தான் நியாயம் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவச் சொல்லும் மரபினர்க்கு இவ்வாய்வில் இடமில்லை.

இனி நம் முறை. சேலையில் பழுது கண்ட நெசவாளர் உடனே தறியில் கை வைப்பதில்லை, துணியைப் பார்க்கிறார். கோடு பாவு ஓடும் திசையில் முழம் முழமாக நீண்டால் இழை அறுந்திருக்கும், அல்லது அச்சில் ஒரு பல் வளைந்திருக்கும். குறுக்கே ஓரிடத்தோடு நின்றால் ஊடையில் நேர்ந்த பிசகு. ஆனால் வரும் மயிலுக்கெல்லாம் அதே இடத்தில் கண் இல்லை என்றால் இழையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஜக்கார்டு அட்டையில் துளை தவறியிருக்கிறது. ஆகையால் அவர் கேட்கும் முதல் கேள்வி: “எல்லா புட்டாவுலயும் இருக்காப்பா, இந்த ஒண்ணுல மட்டுமா?”

இந்தக் கேள்வியை அப்படியே கணினிக்கு மாற்றலாம். ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் முடித்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார் என்பதால் உறவு பழையதே. கணினி எழும்போது வரும் கம்பெனி முத்திரையிலேயே நெடுங்கோடு தெரிந்தால் லினக்ஸ் நிரபராதி. அதன் கருவான கர்னல் அப்போது கண்விழித்திருக்கவே இல்லை. கேபிளை மாற்றுக, பிறகு வேறு மானிட்டரில் பார்க்க. முத்திரை சுத்தமாக வந்து, உள்ளே போன பின் கோளாறு தொடங்கினால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். படத்திலும் கோளாறு விழுந்தால் பழுது அட்டையில், அதாவது மென்பொருளிலோ கிராபிக்ஸ் சிப்பிலோ. படம் சுத்தமாக இருந்து கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் பழுது பெரும்பாலும் இழையில், அதாவது கேபிளிலோ மானிட்டரிலோ.

இவ்விதிக்குப் புறனடை ஒன்று உண்டு. வீடியோ ஓடும்போது திரை குறுக்கே வெட்டுப்பட்டு, மேல்பாதி புதிய காட்சியும் கீழ்பாதி பழைய காட்சியுமாக நிற்கும். இது மென்பொருள் தாளம் தப்பிய வினை. ஆயினும் ஸ்கிரீன்ஷாட்டில் அகப்படாது.

இருண்ட திரை தனி அதிகாரம். கர்னல் புதுப்பித்த மறுநாள் கறுப்புத் திரை வந்தால் கணினி எழும்போது வரும் கிரப் (GRUB) பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்து எழுப்புக. அதுவும் இல்லையேல் அங்கேயே ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் ‘நோமோட்செட்’ (nomodeset) என ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப்10 தட்டுக. படம் மட்டமாக வரும், ஆனால் வரும். சரியான டிரைவரை நிறுவும் வரை அது போதும். டிரைவர் என்றதும் என்விடியா நினைவுக்கு வரும். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்தை நோக்கி நடுவிரல் நீட்டியதை உலகறியும். 2022 மே மாதம் அது தன் கர்னல் பகுதி நிரல்களைத் திறந்து வைத்தது. இடையில் பத்தாண்டு. விரலுக்கும் பலன் உண்டு, உடனே கிட்டாது என்பது இதனாற் பெறப்படும்.

திரைக்குப் படம் அனுப்பும் ஏற்பாடுகளான எக்ஸ்11, வேலேண்ட் இரண்டின் பூசலைத் தொடாமல் இவ்வாய்வு நிறைவுறாது. முன்னது 1987இல் பிறந்தது, பின்னது 2008இல். உபுண்டு 2017இல் வேலேண்டுக்குப் போய், 2018இல் எக்ஸுக்குத் திரும்பி, 2021இல் மீண்டும் வேலேண்டுக்கே வந்தது. வரதராசர் கோயிலின் வடகலை, தென்கலை வழக்குக்காவது நீதிமன்றம் இருக்கிறது. இதற்கு அதுவும் இல்லை. ஒன்றில் திரை நடுங்கினால் நுழைவுப் பக்கத்துப் பற்சக்கரத்தைத் தட்டி மற்றதில் நுழைந்து பாருங்கள்; அந்தத் தேர்வு இன்னும் விட்டுவைக்கப்பட்டிருந்தால்.

கடைசியாக, தலபுராணத்தில் இடம்பெறாத ஒரு காரணம். தறி ஓடும் வீட்டில் கணினியைத் திறந்தால் விசிறியின் இறக்கைகளில் பட்டுப் பஞ்சு சாம்பல் நிறத்தில் திரண்டு, மெத்தென்று படிந்திருக்கும். காற்று புகாமல் கிராபிக்ஸ் சிப் சூடேறும். திரையில் வண்ணக் கட்டங்கள் சிதறும். வெதுவெதுப்பையும் பூச்சியையும் தேடி எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நுழையும் பல்லிகளும் உண்டு. நம் மேல் விழுந்த பல்லியின் தோஷம் வரதராசர் கோயிலின் தங்கப் பல்லியைத் தொட்டால் தீரும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் விழுந்த பல்லிக்குப் பரிகாரம் புதிய எஸ்எம்பிஎஸ்தான்.

உதவி கேட்டு யாருக்கு எழுதினாலும், “டிஸ்பிளே வரல, அர்ஜென்ட்” என்பதோடு நிறுத்தாதீர்கள். உள்ளே நுழைய முடிந்தால் ஸ்கிரீன்ஷாட் ஒன்றும், அதே நேரத்தில் கைபேசியால் திரையை எடுத்த படம் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். பார்ப்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.