பின்னூட்டக் காலத்து ஆள்

கைப்பேசியிடம் வாயால் சொன்னாலே அது தமிழில் எழுதிவிடுகிற காலத்தில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது நியாயமில்லைதான். ஆனாலும் 2004, 2005 வாக்கில் ஏதாவதொரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ப்ரவுசிங் சென்டரில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, தமிழில் தட்ட உதவும் இ-கலப்பையை நிறுவிக்கொள்ள அனுமதி கேட்டு, “வைரஸ் வந்துரும் சார்” என்று மறுத்த பையனைத் தாஜா பண்ணி, ஒருவழியாக அடித்த முதல் வரியில், அந்தப் பழைய விண்டோஸ் 98 புண்ணியத்தால், ‘கொ’வின் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்களுக்கு, இன்றைய சௌகரியத்தில் உப்பு கொஞ்சம் குறைச்சலாகத்தான் படும்.

அப்படியெல்லாம் பாடுபட்டு வலைப்பதிவில் எழுதியதாவது உருப்படியாக இருந்ததா என்று கேட்டுவிடாதீர்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, ஓரத்தில் மின்னும் கடிகாரம், அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணி. அந்த எண்ணி நகர வேண்டுமே என்பதற்காக நானே என் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உலகமயமாதல், பின்நவீனத்துவம், அப்புறம் நேற்றுப் பார்த்த படம் என்று எதைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் கைவசம் இருந்தது. அதைத் தமிழுலகம் இரவோடு இரவாகத் தெரிந்துகொண்டாக வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. அந்த இளைஞனை இப்போது சந்திக்க நேர்ந்தால் அவனோடு ஒரு டீ சாப்பிடலாம், அவ்வளவுதான். அவன் பதிவைப் படிக்கச் சொன்னால் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவேன்.

பதிவைப் போட்டுவிட்டால் நேரே தமிழ்மணத்துக்கு ஓட வேண்டும். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய அந்த வலைப்பதிவுத் திரட்டியின் முகப்பில் நம் தலைப்பு வந்து உட்கார்ந்திருக்கும். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் புதியவர்கள் வந்து அதைக் கீழே தள்ளியிருப்பார்கள். யாராவது மறுமொழி போட்டால் பதிவு மறுபடி மேலே தெரியும் என்பதால், வந்த பின்னூட்டங்களுக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்லிவிடாமல், காலையில் ஒருவருக்கு, மத்தியானம் ஒருவருக்கு என்று பிரித்துப் பிரித்து நன்றி சொல்லும் சூட்சுமம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இதற்குப் பின்னூட்டக் கயமைத்தனம் என்று பெயரும் வைத்து, அதை வெளிப்படையாக அறிவித்துக்கொண்டே செய்தோம். பதிவைப் படிக்காமலேயே ‘மீ த பர்ஸ்ட்டு’ என்று வந்து நிற்கிற ஒருவர், அவருக்குக் கீழே ‘ரிப்பீட்டேய்’ என்று இன்னொருவர், நடுவில் துபாயிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ ஓர் அன்பர் மிகப் பொறுப்பாக, “நல்ல பதிவு. ஆனால் நெருப்புநரியில் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன, ஜஸ்டிஃபை செய்வதை எடுத்துவிடுங்கள்” என்பார். அன்றைய ஃபயர்ஃபாக்ஸுக்கு இருபுறமும் ஒழுங்குசெய்த தமிழ் ஆகாது. கருத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் முகம் தெரியாத ஒருவர் நம் பக்கத்தைத் திறந்து, அது உடைந்திருப்பதைக் கவனித்து, உட்கார்ந்து எழுதியும் சொல்லியிருக்கிறார். அதற்கு இணையான மரியாதை இன்றைய கட்டைவிரல் படத்தில் எனக்கு அகப்படவில்லை.

பரவலாக்கப்பட்ட சமூக ஊடகம் என்று இப்போது பெரிய வார்த்தையாகச் சொல்கிறார்களே, அது அன்று எங்களுக்குத் தெரியாமலேயே நடந்துகொண்டிருந்தது. எழுதுவது அவரவர் பக்கத்தில். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஓடை, அதாவது ஃபீட், கிளம்பும். திரட்டி அதை வாங்கித் தலைப்பைக் காட்டும். வாசகர் அதே ஓடையைத் தன் கூகுள் ரீடரிலும் வாங்கிக்கொள்ளலாம். திரட்டியோடு சண்டை போட்டு வெளியேறியவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் மறுநாளும் எழுதினார்கள், கொஞ்சம் கூடுதல் கோபத்தோடு. ரொம்பவும் புல்லரித்துவிட வேண்டாம், எங்களில் முக்கால்வாசிப் பேருடைய சொந்த முகவரியின் பின்பாதி பிளாக்ஸ்பாட், அதை 2003-லேயே கூகுள் வாங்கியாகிவிட்டது.

பிறகு கூகுள் பஸ் வந்தது, கூகுள் ப்ளஸ் வந்தது, ஃபேஸ்புக் வந்தது, எல்லோரும் மூட்டை கட்டினோம். 2013 ஜூலையில் ரீடரை மூடியபோது ஓடைகள் போய்ச் சேர இடமில்லை. 2014 செப்டம்பரில் ஆர்குட்டை மூடினார்கள், அதில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்த நற்சான்றிதழ்கள் எங்கே போயினவோ. கையில் ஸ்மார்ட்போன் இருந்ததால் அப்போது யாரும் வருந்தவில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் “ஆப் டவுன்லோட் பண்ணிக்கங்க சார்” என்கிறார்கள். பால், கேஸ், கரண்ட் பில், சாமி தரிசனம் எல்லாவற்றுக்கும் ஒன்று, ஒவ்வொன்றும் என் தொடர்பு எண்கள் முழுவதையும் பார்க்க அனுமதி கேட்கிறது. மின்வாரிய அலுவலக வரிசையில் ஒரு மணி நேரம் நின்றது எரிச்சல்தான். ஆனால் எந்தத் தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்பது அங்கேதான் தெரியும், அந்த வசதி இன்னும் எந்த ஆப்பிலும் வரவில்லை.

அந்தப் பரவலாக்கப்பட்ட ஊடகங்களில் ஒன்றான மாஸ்டடான் பக்கம் நான் போனது 2019 நவம்பரில். வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதில் கோபப்பட்ட இந்தியர்கள் கூட்டமாகக் கிளம்பியபோது நானும் கிளம்பினேன். ஜெர்மனியில் ஆய்கென் ரோச்கோ 2016-ல் வெளியிட்ட மென்பொருள் அது. முதல் கேள்வியே எந்த சர்வரில் சேருகிறீர்கள் என்பதுதான். பழைய திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வீட்டுக்காரர், அவருக்கென்று சில சட்டதிட்டங்கள், பிடிக்காவிட்டால் சாமானைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகலாம். போகும்போது பின்தொடர்பவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், எழுதிய பதிவுகள் மட்டும் பழைய வீட்டிலேயே கிடக்கும். வீட்டுக்காரர் பாவம், சம்பளமில்லாமல் ராத்திரி சர்வரைப் பழுதுபார்க்கிறவர். அலுத்துப்போய் அவர் மூடிவிட்டால் குடித்தனக்காரர் கதி என்ன என்று கேட்காமல் இருப்பது நாகரிகம்.

கூட்டம் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கியபோது இன்னொரு அலை வந்து, ‘வந்துட்டேன், யாராவது இருக்கீங்களா?’ என்று ஆளுக்கொரு பதிவு போட்டுவிட்டு அதுவும் வடிந்தது. நான் இருக்கிறேன். பதிவுகள் எழுதிய வரிசையிலேயே வருகின்றன. எதைப் பார்க்க வேண்டும் என்று எந்த இயந்திரமும் எனக்கு முடிவுசெய்வதில்லை. போன மாதம் ஒருவர் என் பதிவுக்குக் கீழே, படத்துக்கு விளக்கம் சேர்த்தால் பார்வையற்றவர்களுக்கு உதவும் என்று பணிவாக எழுதியிருந்தார். நெருப்புநரி அன்பரின் வாரிசு என்று பட்டது. உடனே நன்றி சொல்லவில்லை, மத்தியானம்வரை பொறுத்தேன். இங்கே அதனால் எதுவும் மேலே வராது என்பது தெரிந்தும்.

அந்தக் காலத்து நண்பர் ஒருவரை, பின்னூட்டக் கயமைத்தனத்தில் என்னைவிடக் கைதேர்ந்தவரை, இந்தப் பக்கம் இழுக்கலாமென்று பேசினேன். அவர் ப்ளூஸ்கையில் இருக்கிறாராம். அதுவும் பரவலாக்கப்பட்டதுதான், ஆனால் வேறு நெறிமுறை. என் மாஸ்டடான் பேசும் ஆக்டிவிட்டிபப்புக்கும் அவருடைய ஏடி ப்ரோட்டோகாலுக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் பாலம் போடப் பக்கத்துக்கொரு கணக்கு இருக்கிறது, அதை நான் இங்கிருந்தும் அவர் அங்கிருந்தும் பின்தொடர்ந்துவிட்டால், பிறகு நாங்கள் ஒருவரையொருவர் பின்தொடர்ந்து எழுதுவதைப் படிக்கலாம் என்றார். எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாக, படங்களோடு, அன்றைக்கு ராத்திரியே எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிவைத்தார். அங்கேயே நன்றி சொன்னேன், அங்கேயே அவர் பேரன் படம் அனுப்பினார், அங்கேயே பேசிக்கொண்டிருக்கிறோம்.