நட்சத்திரம் இறக்கு படலம்

நட்சத்திரத்தை எப்போது ஏற்றுவது என்பதில் பாளையங்கோட்டையில் கருத்து வேறுபாடு கிடையாது. டிசம்பர் பிறந்தால் வாசலில் ஸ்டார் தொங்கியாக வேண்டும். எப்போது இறக்குவது என்பதில்தான் ஆய்வாளனுக்கு வேலை இருக்கிறது.

இங்கிலாந்தில் பன்னிரண்டாம் இரவோடு தோரணங்களைக் கழற்றிவிட வேண்டும், தவறினால் வீட்டுக்கு ஆகாது என்பது பழைய நம்பிக்கை. டிசம்பர் 25ஐ முதல் நாளாக எண்ணுபவருக்கு அது ஜனவரி 5. 26இலிருந்து எண்ணுபவருக்கு ஜனவரி 6. தகராறு இன்னும் தீரவில்லை. கத்தோலிக்கருக்குக் கிறிஸ்துமஸ் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு முடிகிறது. அதுவும் போதாதென்றால் 40ஆம் நாளான பிப்ரவரி 2 வரை குடிலை வைத்திருக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சோம்பேறிக்கு இவ்வளவு பக்திமயமான வாய்தா வேறெங்கே கிடைக்கும்?

சுவீடன்காரர்கள் கறாரானவர்கள். ஜனவரி 13, புனித க்னூட் நாளில் பிள்ளைகள் மரத்தைச் சுற்றி ஆடிப்பாடி, அதில் தொங்கும் மிட்டாய்களைப் பறித்துத் தின்றதும் மரம் வெளியே போய்விடும். நமக்குப் போகி வருவதும் 13 அல்லது 14தான். ஒப்பியல் அறிஞர்கள் கவனிக்க.

ஆனால் நாட்காட்டியை நம்பிய எவரும் ஏணியைக் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்டார் கட்டும்போது ஏணி பிடிக்க இரண்டு பேர், "கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்ல நாலு பேர், பல்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க ஒரு மைத்துனர். இறக்கும்போது மைத்துனர் கோயம்புத்தூரில் இருக்கிறார். ஏணி பொங்கலுக்கு வெள்ளையடிக்க எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறது. ஆகவே ஸ்டார் இறங்கும் நாள் என்பது ஏணி திரும்பி வரும் நாளே என்பது என் துணிபு.

தாமதத்தை அளக்க நிறமே சான்று. ஜனவரியில் சிவப்பு, பிப்ரவரியில் ரோஸ், மார்ச்சில் பழைய கல்யாணப் பத்திரிகையின் நிறம். வால் உதிர்ந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டு ஸ்டாருக்கு இன்று 88ஆம் நாள். (25ஆம் தேதியைச் சேர்க்காவிட்டால் 87, இங்கிலாந்துத் தகராறு இங்கேயும் உண்டு.) உள்ளே ஒரு பல்லி குடியேறிவிட்டது. "என்ன அண்ணாச்சி, அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்பமே கெட்டியாச்சா?" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். எங்கள் ஏணியை வாங்கிப்போனவர் அவர்தான்.

வரும் ஞாயிறு குருத்தோலைப் பவனி எங்கள் தெரு வழியாக வருகிறது. வேறு யாரிடமாவது ஏணி இருந்தால் சனிக்கிழமைக்குள் தந்து உதவவும்.