கார் சாகுபடி

தாமிரபரணிக் கரையில் ‘கார்’ என்ற சொல்லுக்குச் சக்கரம் முளைத்தது பிற்பாடுதான். அதற்கு முன்பே அது ஒரு நெற்பருவம். ஆனியில் மேற்கே சாரல் பிடித்து, பாபநாசம் அணையில் தண்ணீர் ஏறினால் கார். ஐப்பசி மழையை நம்பி நட்டால் பிசானம். பாளையங்கோட்டை அண்ணாச்சியின் அப்பா, சேரன்மகாதேவிப் பக்கம் கார் போட்டு நஷ்டப்பட்டவர். மகன் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வந்த பணத்தில் கார் வாங்கி நஷ்டப்பட்டார். “நம்ம குடும்பத்துக்குக் காரே ஆகாது” என்று மதினி சொல்லும்போது, எந்தக் காரைச் சொல்கிறார் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

வாங்கியது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்த வண்டி. 948 சிசி எஞ்சின், இரண்டே கதவு, பின்பக்கம் சின்னதாக மீன் துடுப்பு. அம்பாசடரும் ஃபியட்டும் குடும்பஸ்தர்களாக நடமாடிய காலத்தில் ஹெரால்டு மட்டும் கல்லூரிக்குப் போகிற பையன் மாதிரி இருந்தது. அதைப் போய் ‘பழைய கார்’ என்று யாராவது சொன்னால் அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிடும். அவர் கணக்கில் அது ஸ்போர்ட்ஸ் கார்.

கணக்கு முழுக்கத் தப்பு என்றும் தள்ள முடியாது. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது. வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டின் சேஸைக் குட்டையாக்கி, மேலே அதே மிக்கெலோட்டி வேறு சட்டை தைத்துப் போட, 1962-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் பிறந்தது. ஊர் உலகம் ஒப்புக்கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். ஆக, ஹெரால்டு ஸ்பிட்ஃபயருக்குப் பெரியப்பா மகன். பவுசான சொந்தக்காரர் பெயரைச் சொல்லிக் கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலியில் உட்காருவது நம் பக்கத்தில் புதிதா என்ன?

ஸ்பிட்ஃபயரைப் பற்றி அண்ணாச்சி திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. முதல் மாதிரி வண்டி செய்து முடித்தபோது கம்பெனியில் காசில்லை. துணியைப் போட்டு மூடி, தொழிற்சாலை மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961-இல் லேலண்டு நிறுவனம் வந்து கம்பெனியை எடுத்துக்கொண்டபோது, சுற்றிப் பார்க்க வந்த அதிகாரி அந்தத் துணியை விலக்கிப் பார்த்தார். மீதி வரலாறு. மூடிக் கிடக்கிற எதையும் விலக்கிப் பார்க்க வேண்டும் என்ற வியாதி அண்ணாச்சிக்கு இப்படித்தான் தொற்றியது.

2024 தை மாதம், தூத்துக்குடிப் பக்கம் ஒரு வீட்டுப் புறவாசலில் அவர் விலக்கியது நீலத் தார்ப்பாய். உள்ளே சிவப்பு ஹெரால்டு. விற்றவர் அளந்தே பேசினார்: “டாக்டர் ஓட்டின வண்டி. ஷெட்டை விட்டு வெளிய எறங்குனதில்ல. ஒரு சொட்டு தண்ணி பாத்ததில்ல.” டாக்டர் ஓட்டிய பழைய வண்டிகளை எல்லாம் கூட்டினால், தமிழ்நாட்டில் நோயாளிகளைவிட டாக்டர்கள் அதிகம் என்று தெரியும். அண்ணாச்சி அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. பெயிண்டில் அவர் முகம் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

மூன்றாம் வாரம் கதவுக்குக் கீழே பெயிண்டில் நாலைந்து புள்ளிகள் உப்பின. சித்திரை வெயிலில் குழந்தைகளுக்கு வரும் வேர்க்குரு மாதிரி, தடவினால் மட்டும் தெரிகிற அளவில். அண்ணாச்சி பாலிஷ் போட்டுத் தேய்த்தார். ஒரு புள்ளி உடைந்து, உள்ளிருந்து காவிப் பொடி கொட்டியது.

மேலப்பாளையத்தில் டிங்கர் வேலை செய்கிற பாய் ஒருவர் வந்து பார்த்தார். வண்டியைச் சுற்றி விரல் கணுவால் தட்டிக்கொண்டே நடந்தார். சந்தையில் தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொரு தட்டுக்கும் காதைச் சாய்த்தார்.

“அண்ணாச்சி, வீட்ல காந்தம் கெடக்கா?”

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த, திருச்செந்தூரில் வாங்கிய முருகன் படம்தான் கைக்குக் கிடைத்தது. பின்னால் காந்தம். பானெட்டில் வைத்தால் முருகன் கெட்டியாக நின்றார். கதவின் மேல்பாதியில் நின்றார். கீழ்பாதிக்கு வந்ததும் வழுக்கிக்கொண்டு தரைக்கு இறங்கிவிட்டார். பின் சக்கரத்துக்கு மேலே வைத்தபோது ஒரு கணம்கூட நிற்கவில்லை.

“சாமி நிக்காத எடமெல்லாம் பட்டி பாத்துக்கிடுங்க” என்றார் பாய். பட்டி என்றால், பெயிண்டுக்கு முன்னால் பள்ளம் நிரப்பப் பூசுகிற பூச்சு. தாளின் கனத்துக்குப் பூச வேண்டியதை இங்கே அல்வாத் துண்டு கனத்துக்கு அப்பியிருந்தார்கள். அண்ணாச்சிக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று விளக்க, திருநெல்வேலியில் வேறு சொல் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றிலிருந்து அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. தீபாவளிக்குக்கூட மைசூர்பாகுதான் வாங்கினார்கள்.

பாய் ஸ்குரூடிரைவரைக் கதவடித் தகட்டில் வைத்து லேசாக அமுக்கினார். அது லேசாகவே உள்ளே போயிற்று, பிடி வரைக்கும்.

“இது வெளிய இருந்து உள்ள போன துரு இல்ல. உள்ள இருந்து வெளிய வாற துரு. நமக்குத் தெரியுதுன்னா, அது வேலைய முடிச்சிட்டுன்னு அர்த்தம்.”

இரும்பும் ஈரமும் காற்றும் கூடினால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒட்டிய இரண்டு தகடுகளுக்கு நடுவே நுழைந்தால் தகட்டையே நெளித்து விலக்கிவிடும். ஹெரால்டில் இப்படி ஒட்டிய இடங்களுக்குப் பஞ்சமில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் ட்ரையம்ஃபைச் செய்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, 1953-இல் போட்டிக்காரரான பிஎம்சி விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லை. எனவே அடியில் தனி சேஸ், மேலே துண்டு துண்டாகச் செய்த பாகங்களை போல்ட் போட்டு முடுக்குவது என்று முடிவானது. பந்திக்கு முதல் நாள் அண்டாக்காரர் கைவிரித்துவிட, சின்னச் சின்னச் சட்டியில் சமைத்துப் பரிமாறிய விருந்து அது. ருசியில் குறையில்லை. சட்டிக்கும் சட்டிக்கும் நடுவேதான் ஈரம் தங்கியது.

கதவடிப் பெட்டியை வெட்டித் திறந்த நாளில் அண்ணாச்சி ஒரு ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்தார். முதலில் வந்தது பந்தாகச் சுருட்டித் திணித்த செய்தித்தாள். அதில் மேட்னி காட்சி விளம்பரம் தெளிவாக இருந்தது. அடுத்து கோணித்துண்டு. அதற்கும் பின்னால் ஒரு படி அளவுக்கு வண்டல் மண். கடைசியாக ஒரு நத்தை ஓடு.

பாய் நத்தையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “ஒரு சொட்டு தண்ணி பாக்காத வண்டிக்குள்ள இவரு எப்படி அண்ணாச்சி வந்தாரு? நடந்தா?”

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் வழக்கம்போல் மூழ்கியது. கொக்கிரகுளமும் ஜங்ஷனும் வழக்கமில்லாமல் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஊர்களே தீவுகளாயின. தை மாதம் அண்ணாச்சி தார்ப்பாயை விலக்கியபோது வெள்ளம் வடிந்து சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. பெயிண்டில் முகம் பளபளவென்று தெரிந்தது ஏன் என்று அப்போது அவர் யோசித்திருக்கலாம்.

வெள்ளம் செய்தது கடைசி அடிதான். அதற்கு முன்பே உப்பளத்துக் காற்று பல வருஷமாகச் சாப்பிட்டிருந்தது. கதவுகளுக்குக் கீழே தண்ணீர் வடியச் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். அவை மண்ணால் அடைபட்டிருந்தன. தரையில் விரித்த ரப்பர் பாய் ஈரத்தைப் பத்திரமாக மூடி வைத்திருந்தது. அடிப்பாகத்தில், இருக்கிற துருவின் மேலேயே தார் பூசியிருந்தார்கள். அது துருவைத் தடுக்கவில்லை; துருவுக்குக் கூரை போட்டுக் கொடுத்தது.

மனம் உடைந்தவர்கள் கோயிலுக்குப் போவார்கள். அண்ணாச்சி ஆதிச்சநல்லூருக்குப் போனார். தாமிரம் என்று ஆற்றுக்குப் பெயர். ஆனால் அதன் கரையில் புதைந்து கிடப்பது இரும்பு. 1876-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஃபெடோர் யாகோர் இங்கே தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ தோண்டியபோது வாள், கத்தி, ஈட்டி என்று இரும்பாக வந்தது. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோகும் அறிக்கையைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. 5,300 வருஷத்துக்கு முன்பே இங்கே இரும்பு இருந்தது என்றால், மறுநாள் காலையில் துருவும் இருந்திருக்கும். அன்றைக்கும் ஓர் அண்ணாச்சி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஒரு சொட்டு தண்ணி படலைன்னு சொல்லித்தானவே குடுத்தாம்” என்று புலம்பியிருப்பார். அந்தத் துரு இப்போது பொக்கிஷம். சுரண்டினால் வடிவமே போய்விடும் என்று பூப்போலக் கையாள்கிறார்கள். ஹெரால்டின் துருவுக்கு அந்த மரியாதை கிடைக்க இன்னும் சில ஆயிரம் வருஷம் பொறுக்க வேண்டும். பாய்க்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

துருவுக்கென்றே விஞ்ஞானிகள் காரைக்குடியில் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மைதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. மண்டபம் கடற்கரையில் தகடுகளை உப்புக் காற்றில் நிறுத்தி வைத்து, எந்த உலோகம் எத்தனை மாதத்தில் எவ்வளவு கெடுகிறது என்று கணக்கெடுப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. யோசித்தால் ஹெரால்டும் அதே சோதனையைத்தான் முடித்திருந்தது. கணக்கு எழுத மட்டும் ஆள் இல்லை.

“ரெண்டு வாரம்” என்று ஆரம்பித்த வேலை மாசி, பங்குனி, சித்திரை என்று போயிற்று. நல்ல தகடு வருகிற வரைக்கும் வெட்ட வேண்டும் என்பது பாயின் சட்டம். நல்ல தகடு வெட்ட வெட்டத் தள்ளிப் போயிற்று. சேஸிலிருந்து இரு பக்கமும் கை நீட்டி பாடியைத் தாங்குகிற இரும்புகள் அப்பளமாக நொறுங்கின. அவற்றை எடுக்கும் முன்பு கதவு வாசல்களுக்குக் குறுக்கே குழாய் வைத்து வெல்டிங் அடித்தார் பாய். இல்லாவிட்டால் பாடி தொய்ந்து, அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் மூடாது. புதுத் தகடு வைத்த இடமெல்லாம் ரெட் ஆக்ஸைடு பூசினார். அந்தச் சிவப்பு எதனால் ஆனது என்று அண்ணாச்சி படித்துப் பார்த்தார். இரும்பு ஆக்ஸைடு. அதாவது, துருவோடு கூடப்பிறந்த சாமான். துருவைத் தடுக்கத் துருவையே காசு கொடுத்து வாங்கிப் பூசியிருக்கிறோம் என்று தெரிந்தபோது, அவர் இரண்டு நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை.

நடுவே இன்னொரு சிக்கல். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு ‘வின்டேஜ்’ பதிவு தர 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அண்ணாச்சி பூரித்துப் போனார். அடுத்த வரியில் நிபந்தனை: சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல், வண்டி மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். அண்ணாச்சியின் வண்டிக்கு மூல வடிவம் எது? வாங்கியபோது இருந்ததா? அப்படியானால் பட்டியும் செய்தித்தாளும் சேர்த்தி. நத்தையை எந்தக் கணக்கில் எழுதுவது? பாயிடம் கேட்டதற்கு, “அத ஆபீசருகிட்ட கேளுங்க, நான் தகடு அடிக்கவன்” என்று சொல்லிவிட்டார்.

ஆனி முதல் வாரம் ஹெரால்டு பட்டறையை விட்டு உருண்டது. திரும்பும் வட்டம் 25 அடிதான். லண்டன் டாக்ஸி மாதிரி நின்ற இடத்தில் வளையும். அதனால் அண்ணாச்சி சுலோச்சன முதலியார் பாலம் வரை போய், மேற்கே மேகத்தைப் பார்த்துவிட்டு, சட்டென்று திரும்பி வந்து ஷெட்டில் ஏற்றிவிட்டார். கையோடு முருகனை எடுத்துக் கீழ்க்கதவில் வைத்தார். நின்றார்.

மிச்சம் இருந்தது வெட்டி எறிந்த துருத் தகடு, இரண்டு சாக்கு. தெருவில் பழைய இரும்பு எடுக்கிற வண்டி ஒலிபெருக்கியோடு வந்தது. இந்தக் காரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்லி முதல் நாளே தீர்ப்பு எழுதியிருந்த மதினி, வாசலுக்கு வந்து கைதட்டி நிறுத்தினார். வியாபாரி சாக்கை அவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து உள்ளே விட்டுத் துழாவினார். முதல் சாக்கில் கொஞ்சம் ஒட்டியது, எடுத்துக்கொண்டார். இரண்டாவதில் துழாவிவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல இரும்பே இல்லையே அண்ணாச்சி.”

மதினி ஒன்றும் பேசவில்லை. அந்தச் சாக்கைப் புறவாசலுக்கு இழுத்துப் போனார். பட்டித் துண்டுகளைப் பொறுக்கித் தூர எறிந்துவிட்டு, காவிப் பொடியைக் கறிவேப்பிலைச் செடியின் தூரில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். துரு ஆணி போட்டால் செடி தழைக்கும் என்று அவர் அம்மா சொல்வாராம். ஆவணியில் செடி நன்றாகவே தழைத்தது. கார் சாகுபடியில் அந்தக் குடும்பம் இதுவரை கண்ட மகசூல் அதுதான். தினமும் ரசத்தில் போடுகிறார்கள்.